பலகைக் கதவுக்காரர்களுக்கு ஒரு மடல்

பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை, சக்கராப்பள்ளி, அய்யம்பேட்டை கடைத்தெருக்களில் பழைய கட்டடம் வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும், அவர்களில் பினாங்கிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் பிழைக்கப் போய் இருக்கும் சபுராளிக் குடும்பத்தாருக்கும்,



பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. தபால்காரர் என்றால் தெரியும். முப்பத்திரண்டு வருடம் இந்தத் தெருக்களில் சைக்கிள் மிதித்தவன். உங்கள் அத்தாவும் அப்பாவும் அனுப்பிய நீல நிற ஏர் லெட்டரை உங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தே பிரித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். "கடை வாடகையை வாங்கி ஓடு மாற்றவும்" என்ற வரி எத்தனையோ கடுதாசிகளில் வரும். அந்த ஓடு எந்தக் கடையின் ஓடு என்பதும் எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சென்ற ஆவணியில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக வாடகைக்கு இருந்த நாட்டுமருந்துக் கடை இடிக்கப்பட்டது. அப்பா வைத்து நடத்தியது, பிறகு அண்ணன். கட்டடக்காரர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள்; வாரிசுகள் ஒன்பது பேர்; விற்றுப் பிரித்துக்கொண்டால்தான் கணக்குத் தீரும் என்ற நிலை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. சட்டப்படி சொல்லி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் எங்களை எழுப்பினார்கள். வருத்தம் வேறு. இடித்த அன்று காலையில் நான் போய் நின்றேன். கடையின் முகப்புக்குப் பதினோரு பலகைகள். தேக்கு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் உளியால் வெட்டிய தமிழ் எண். காலையில் அதை வரிசையாகக் கழற்றுவதும் இரவில் வரிசையாகச் செருகுவதும் சின்ன வயதில் என் வேலை. எண் மாறினால் கதவு மூடாது. ஏழாவது பலகை எட்டாவதின் இடத்தில் உட்காரவே உட்காராது. அந்தப் பதினோரு பலகையையும் பழைய மரக்கடைக்காரர் எடைக்குப் பேசி வண்டியில் ஏற்றினார். ஒன்றை மட்டும் நான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். வீட்டில் சுவரோரம் நிற்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

அண்ணன் இப்போது பின் சந்தில் ஒரு ஷட்டர் கடையில் இருக்கிறார். பாதி வாடிக்கையாளர்கள் தேடி வரவில்லை. பிரசவ லேகியத்துக்கு அண்ணனைத் தேடி பண்டாரவாடையிலிருந்து வருகிற பெண்கள் பழைய இடத்தில் நின்று பார்த்துவிட்டு, கடையை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். எதிர்வரிசையில் சாம்பிராணியும் அத்தரும் விற்ற பாய்க்கும் வியாபாரம் குறைந்துவிட்டது. லேகியம் வாங்க வருகிறவர்கள்தான் குழந்தைக்குப் புகை போடச் சாம்பிராணியும் வாங்கிப் போவார்கள். ஒரு கடை போனால் ஒரு கடை மட்டும் போவதில்லை என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். இந்த மடலின் விஷயமும் அதுதான்.

பாபநாசம் என்றால் வெளியூரில் பலர் திருநெல்வேலி அருவியை நினைக்கிறார்கள். நம்முடையது காவிரி டெல்டாப் பாபநாசம். 108 சிவாலயம் இருக்கிற ஊர். பாபநாசம் சிவன் தன் பெயரோடு உலகமெல்லாம் கொண்டுபோன ஊர். இங்கே அரசு காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு கட்டடத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்: திருப்பாலைத்துறைக் கோயிலின் நெற்களஞ்சியம். 1600-க்கும் 1634-க்கும் இடையில் நாயக்கர் காலத்தில் கட்டியது. 3,000 கலம் நெல் கொள்ளும். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். வட்டமாக எழும்பி மேலே குவிந்து நிற்கும் அந்தச் செங்கல் கூண்டை மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருக்கிறது. நல்லது. ஆனால் உள்ளே நெல் இல்லை. நெல் அளந்தவரும் இல்லை, அளந்ததை எழுதிய கணக்கரும் இல்லை, சுமந்தவரும் இல்லை. சுவர் நிற்கிறது. சுவரைக் காப்பாற்ற அரசால் முடியும். கடைத்தெருவை அப்படிக் காப்பாற்ற முடியாது. அதற்குள் விற்கிறவரும் வாங்குகிறவரும் இருந்தால்தான் அது கடைத்தெரு.

நம் வட்டத்துக் கடைத்தெரு எப்படி உண்டானது என்று யோசித்துப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில் அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, பாபநாசம் என்று அடுத்தடுத்து ஊர். அய்யம்பேட்டையில் சௌராஷ்டிரர் தறி. அந்தத் தெருவில் நுழைந்தால் ஒரு மொழி, வெளியே வந்து கணக்குப் பேசும்போது இன்னொரு மொழி. ராஜகிரியிலும் பண்டாரவாடையிலும் வெற்றிலைக் கொடிக்கால். கும்பகோணம் வெற்றிலை என்று 2025-ல் புவிசார் குறியீடு வாங்கியிருப்பதில் இந்த ஊர்களின் மண்ணுக்கும் பங்குண்டு. விடியுமுன் கவுளி கவுளியாக அடுக்கிய கூடைகள் ரயிலேறும். கொடிக்காலில் பாடுபடுகிறவர் ஒருவர், ஏலம் எடுக்கிறவர் இன்னொருவர், நாரால் கட்டுகிறவர் வேறொருவர். சாதியும் மதமும் ஒன்றல்ல, கணக்கு மட்டும் ஒன்று. செட்டியார் மளிகை, நாடார் கடை, ராவுத்தர் ஜவுளி, சேட்டுக் கடை, கும்பகோணத்துப் பாத்திரக் கடையின் கிளை, அய்யர் ஹோட்டல், மூங்கில் கூடைக்காரர். சித்திரை வருடப் பிறப்புக்குப் புதுக்கணக்கு எழுதும் கடைக்குப் பக்கத்தில் தீபாவளிக்குப் புதுக்கணக்கு எழுதும் கடை. கடன் மட்டும் எல்லா நாட்காட்டிக்கும் பொதுவாக ஓடும். அறுவடைக்குத் தருகிறேன் என்றால் எல்லாக் கடையிலும் செல்லும்.

இதை இனிப்பாக மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. நான் தபால் கொடுத்த காலத்தில்கூடச் சில கடைகளின் திண்ணையில் எல்லோரும் உட்கார முடியாது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். வயலில் நடவு நட்டு, அறுத்து, நெல்லை மண்டிக்குக் கொண்டுவந்து இறக்கிய சேரிக்காரர், அதே தெருவில் சாமான் வாங்கும்போது படிக்குக் கீழே நின்று காசை வைத்துவிட்டு எடுத்துப்போன காலமும் இந்தத் தெருவின் காலம்தான். கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறவன் இதையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். அந்தத் திண்ணையை இடித்துவிட்டால் அங்கே யாரை உட்காரவிடவில்லை என்பதும் மறந்துபோகும். திண்ணை நிற்கட்டும், இன்றைக்கு எல்லோரும் அதில் உட்காரட்டும்.

உங்கள் கட்டடங்களின் மரம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் சம்பாதித்து அனுப்பியதில் எழுந்தவை அவை. 1926-ல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னையில் புறப்பட்டு நாகையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் என்று போகும். எத்தனையோ வீட்டில் "ரஜூலாவில் வந்தோம்" என்பதுதான் குடும்பக் கதையின் முதல் வரி. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். 1985-ல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழியே ஓய்ந்தது. சபுர் போனவர்கள் அனுப்பிய பணத்தில் ராஜகிரியில் வீடு எழுந்தது. வீட்டுக்கு முன் கடை எழுந்தது. கடையை உள்ளூர்க்காரர் வாடகைக்கு எடுத்தார். அதாவது உங்கள் கடல், எங்கள் கடை. இரண்டும் சேர்ந்துதான் இந்தத் தெரு.

அந்தக் கடலின் மறுகரையில் என்ன நடந்தது என்பதை, பினாங்கில் இருப்பவர்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஆனால் இங்கே இருப்பவர்களுக்காகச் சொல்ல வேண்டும்.

ஜார்ஜ் டவுனின் சூலியா தெரு நம் ஆட்களின் பெயரைத் தாங்கிய தெரு. அங்கிருந்த தமிழ் முஸ்லிம்களைத்தான் சூலியா என்றார்கள். 1786-ல் பிரான்சிஸ் லைட் அந்தத் தீவில் இறங்கிய சில ஆண்டுகளுக்குள் நம் கடற்கரையிலிருந்து வணிகர்களும் படகுக்காரர்களும் போய்விட்டார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து போன காதர் முகைதீன் அங்கே கப்பித்தான் கெளிங், அதாவது நம் ஆட்களின் தலைவர், ஆனார். அவர் பெயரிலுள்ள பள்ளிவாசல் 1801-ல் தொடங்கியது. அந்தப் பள்ளிவாசல் இருக்கும் வீதியில் நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில், 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். இரண்டெட்டு விலகிக் குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். நாகூர் ஆண்டகைக்கும் அங்கே ஒரு தர்கா. நாகூரிலிருந்து கிளம்பியவர்கள் கடல் கடந்ததும் முதலில் நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது. அதைச் சுற்றிச் சீன நகைக்கடை, தமிழ் மசாலாக் கடை, மலாய்க்காரர் சோற்றுக் கடை, பத்திரிகை அச்சகம். கீழே கடை, மேலே வீடு.

அந்த வீடுகளில் ஏழைகளும் சிறு வியாபாரிகளும் தலைமுறை தலைமுறையாக இருக்க முடிந்ததற்குக் காரணம் மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகையை உயர்த்த முடியாது. அதனால் சொந்தக்காரர்கள் பழுது பார்க்கவில்லை. சுவர் வெடித்தது, ஓடு சரிந்தது. இருந்தாலும் ஆட்கள் இருந்தார்கள். 1997-ல் அந்தச் சட்டத்தை நீக்கச் சட்டம் வந்தது. 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முழுவதும் போயிற்று. வாடகை ஏறியது. பாய் முடைந்தவரும் பெட்டி செய்தவரும் சமாதிக்கல் வெட்டியவரும் சந்தனக்குச்சி உருட்டியவரும் வெளியேறினார்கள். காலியான கடைவீடுகள் சிலவற்றில் ஜன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைக் குரலை ஓடவிட்டு, எச்சிலால் கூடு கட்டும் உழவாரக் குருவிகளை வளர்த்தார்கள். அந்தக் கூட்டுக்குச் சந்தையில் பெரிய விலை. மனிதர் இருந்த மாடியில் குருவி. பிறகு அரசே தலையிட்டு அந்தப் பண்ணைகளை நகரின் மரபுப் பகுதியிலிருந்து வெளியேற்ற வேண்டியிருந்தது.

2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது. அதற்குள் தெருவின் பாதி உயிர் போய்விட்டிருந்தது. அதன் பின் நல்ல முயற்சிகள் பல நடந்தன. பழைய வீடுகளைச் சரிசெய்ய மானியம் கொடுத்தார்கள். சுண்ணாம்புக் காரை பூசும் முறையை மறுபடி கற்றுக்கொடுத்தார்கள். இன்னும் தொழில் செய்கிற கைவினைக்காரர்களைத் தேடிப் பட்டியலிட்டார்கள். இப்போது போய்ப் பார்த்தால் முகப்புகள் அழகாக இருக்கின்றன. உள்ளே பல இடங்களில் தங்கும் விடுதி, காப்பிக்கடை. போய்வந்த என் மருமகன் புகைப்படம் காட்டினான். ஓடும் தூணும் நம் ராஜகிரி வீட்டைப் போலவே இருந்தன. அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, விடுதிக்காரருக்கும் தெரியவில்லையாம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம்மூரிலும் அதே திருப்பம் வந்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் தமிழ்நாடு புதிய சட்டம் இயற்றியது. 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் உங்களுக்கு நடந்த அநியாயம் எனக்குத் தெரியும். நடுத்தெருவில் கடை, ஒரு மாத வாடகையில் ஒரு வேளைச் சாப்பாடுகூட வராது, கேட்டால் கோர்ட். அப்பாவிடம் பழைய வாடகையை வாங்கிக்கொண்டு எதுவும் சொல்லாமல் போன உங்கள் பெரியவரின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. நாங்களும் அதில் குற்றவாளிகள்தான். வாடகை குறைவாக இருந்ததில் எங்களுக்குச் சுகம். ஓடு ஒழுகியபோது பழி மட்டும் உங்களுக்கு. பகடித் தொகை வாங்கிக்கொண்டு கடையை வேறொருவருக்குக் கைமாற்றிய வாடகைக்காரர்களும் நம் தெருவில் இருந்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு உங்களிடம் நான் எதுவும் கேட்க முடியாது.

புதிய சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாததையே காரணம் காட்டி வெளியேற்றலாம். நம் கடைத்தெருவில் எத்தனை பேரிடம் எழுத்து இருக்கிறது? வாய்ச்சொல்லும் வெற்றிலைபாக்கும்தான் ஒப்பந்தம். பழைய வாடகைக்காரர்களில் பலருக்கு இந்த மாற்றமே தெரியாது. உங்களுக்குத் தெரியும்; வக்கீல் சொல்லியிருப்பார். ஆகவே கயிறு இப்போது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் வட்டாட்சியருக்கோ பேரூராட்சிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். பழைய கடையை விற்பதற்கு முன், இடிப்பதற்கு முன், உள்ளே இருக்கிறவரை ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். இன்றைய நிலவரத்துக்கு நியாயமான வாடகையைச் சொல்லுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை இவ்வளவு ஏறும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டுப் பதிந்துவிடுங்கள். பத்து வருடம் நிச்சயம் என்றால் வாடகைக்காரரே ஓடு மாற்றுவார், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். நாளைக்கே எழுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறவன் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டான். வாடகை ஏறினால் கொடுக்க முடியாது என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள், உண்மை. கூடை முடைகிறவரால் ஜவுளிக்கடை வாடகை கொடுக்க முடியாது. அந்த இடத்தில்தான் உங்களிடம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறேன். ஐந்து கடை வைத்திருப்பவர் ஒரு கடையை மட்டும் அப்படி ஒருவருக்கு விட்டுவைக்கலாம். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் எழுதிவைத்த உங்கள் பாட்டனார்கள் இதைவிடப் பெரிய காரியம் செய்தவர்கள். கடைகள் வைத்திருக்கும் அறங்காவலர்களும் ஜமாஅத்தாரும் இதைப் படித்தால் அவர்களுக்கும் இதே வேண்டுகோள்.

கட்டடத்தில் கை வைத்தே ஆக வேண்டும் என்றால் முன் பத்தடியை விட்டுவிடுங்கள். திண்ணை, தூண், தாழ்வாரம், பலகைக் கதவு. அதற்குப் பின்னால் மாடி கட்டுங்கள், லிஃப்ட் வையுங்கள், கழிப்பறை கட்டாயம் வையுங்கள். தெருவில் வேலை செய்கிற பெண்களுக்கு இன்றுவரை ஒதுங்க இடமில்லை. பழைய கட்டடம் என்பதற்காக மழையில் விழப்போகும் சுவரடியில் யாரும் இருக்க வேண்டியதில்லை. ஆபத்தானதை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் கட்டைகுத்துத் தளத்தையும் சுண்ணாம்புச் சுவரையும் வெறும் எலிவேஷனுக்காக உடைத்துக் கண்ணாடியும் தகடும் ஒட்டுவது வேண்டாம். பங்குனிக்கு மேல் அந்தக் கண்ணாடிக் கடைக்குள் ஏசி இல்லாமல் உட்கார முடியாது. எங்கள் மருந்துக் கடையில் மின்விசிறிகூட வெகுகாலம் இல்லை. ஓட்டுக்கும் திண்ணைக்கும் நடுவில் காற்று வந்து போகும். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும்; சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும்; நாலு மழையில் சுவர் பொரிந்து உதிரும். நம் கடைத்தெருவில் "பழைய சுவர், தாங்கவில்லை" என்று இடித்த பல சுவர்கள் சிமென்ட் பூசியதால் தாங்காமல் போனவை.

அனுமதி வாங்கிச் சட்டப்படி இடித்தால் என்ன தவறு என்று கேட்பீர்கள். நாகப்பட்டினத்தை நினைத்துப் பாருங்கள். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் தன் தந்தை சூடாமணி வர்மர் பெயரில் அங்கே ஒரு புத்த விகாரம் எழுப்பினார். அதற்குச் சோழன் ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று உலகம் சொல்வது அந்தத் தானத்தின் சாசனத்தைத்தான். கடல் கடந்து வந்து போகிறவர்கள் கும்பிட ஓர் இடம்; நாகூர்க்காரர் பினாங்கில் தர்கா எழுப்பியது போலவே. அந்த இடத்தில் எஞ்சி நின்ற மூன்று நிலைச் செங்கல் கோபுரத்தை ஊரார் சீனக் கோயில் என்றார்கள். மாலுமிகளுக்கு அது கடலிலிருந்து தெரியும் அடையாளம். வெள்ளைக்கார அதிகாரி வால்டர் எலியட் 1846-ல் அதைப் பார்த்து எழுதிவைத்தார். அங்கே இடம் வாங்கிய பாதிரிமார்கள் இடிக்க அனுமதி கேட்டார்கள். சென்னை அரசாங்கம் கொடுத்தது. 1867-ல் இடித்தார்கள். எல்லாம் முறைப்படிதான். அந்த மண்ணைத் தோண்டத் தோண்டச் செப்புப் புத்தர்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. இன்று அவற்றைப் பார்க்கச் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். கோபுரம் எங்கே நின்றது என்று நாகையில் காட்டச் சொன்னால் காட்டத் தெரிந்தவர் சிலர்தான்.

வேறொரு ஊரின் கதையும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் புரூம் என்று ஒரு முத்துக்குளிக்கும் ஊர். நம் தூத்துக்குடியைப் போல வெயிலும் கடலும். முத்தைவிடச் சிப்பி ஓட்டுக்குத்தான் அங்கே விலை. உலகத்துச் சட்டைப் பொத்தான்களுக்கு அங்கிருந்து போனது. ஜப்பானியர், சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ, தீமோர் ஆட்கள், அந்த மண்ணின் ஆதிவாசிகள் எல்லோரும் புழங்கிய கடைத்தெருவைச் சைனாடவுன் என்றார்கள். வெள்ளையர் மட்டும்தான் குடியேறலாம் என்று 1901-ல் சட்டம் போட்ட நாட்டில், மூழ்காளிகள் இல்லாமல் தொழில் நடக்காது என்பதால் முத்துக்குளிக்கும் தொழிலுக்கு விலக்கு. 1916-ல் திறந்த சன் பிக்சர்ஸ் என்ற திறந்தவெளித் திரையரங்கில் அந்தக் காலத்தில் ஓதம் ஏறினால் காலடியில் கடல் நீர் வருமாம். இனத்துக்கு ஒரு பக்கமாகப் பிரித்து உட்காரவைத்த அரங்கும் அதுதான். 1920-ல் பெரிய கலவரம் நடந்தது. ஜப்பானியர் கல்லறைகளில் மட்டும் 900 பேருக்கு மேல் புதைந்திருக்கிறார்கள். பலர் முத்துக்குளிக்கும் தொழிலில் இறந்தவர்கள். 1950-களில் பிளாஸ்டிக் பொத்தான் வந்தது, சிப்பித் தொழில் விழுந்தது, தெரு ஓய்ந்தது. ஆனாலும் அந்தத் திரையரங்கு இன்னமும் படம் ஓட்டுகிறது, கல்லறைகளைப் பராமரிக்கிறார்கள். பிரித்து உட்காரவைத்த கதையையும் மறைக்காமல் அங்கேயே சொல்கிறார்கள். தகரக் கூரையும் மரச் சுவரும் கொண்ட சாதாரணக் கடைகளைத்தான் அவர்கள் அப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். நம்முடையது தேக்கும் சுண்ணாம்பும்.

அரசு எதுவும் செய்ய வேண்டாமா என்றால், வேண்டும். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தைச் சட்டமன்றம் 2012-ல் நிறைவேற்றியது. நடைமுறைக்கு வரவே பத்து ஆண்டுக்கு மேலாயிற்று. பெரிய கோயிலும் அரண்மனையும் வரிசையில் முன்னால் நிற்கும்போது பாபநாசத்து வெற்றிலை மண்டிக்கு முறை வர எத்தனை காலம் ஆகுமோ. அதுவரை காத்திருக்க இந்தத் தெருவுக்கு அவகாசமில்லை. நான் வேலையில் சேர்ந்தபோது எண்ணி வைத்திருந்த பலகைக் கதவுக் கடைகளில் கால்வாசிகூட இப்போது இல்லை.

சூலியா மக்களின் வரலாற்றைப் பினாங்கைச் சேர்ந்த சல்மா நசூஷன் கூ என்ற பெண்மணி 2014-ல் ஒரு பெரிய நூலாக எழுதினார். அந்த ஊர்ப் பத்திரங்களையும் வக்ஃபுக் கணக்குகளையும் தேடித் தேடி எழுதியது. நம் ஆட்கள் அக்கரையில் என்ன செய்தார்கள் என்பது அங்கே புத்தகமாகிவிட்டது. அவர்கள் அனுப்பிய பணத்தில் இக்கரையில் என்ன எழுந்தது என்பதை எனக்குத் தெரிந்து யாரும் எழுதவில்லை. உங்கள் பீரோவில்தான் அது இருக்கிறது. கிரயப் பத்திரம், கொத்தனார் கணக்கு, மரம் வாங்கிய சீட்டு, வாடகை நோட்டு, நான் கொண்டுவந்து கொடுத்த ஏர் லெட்டர்.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு நீள நோட்டு வாங்கினேன். கடைத்தெருவை மேற்கிலிருந்து கிழக்காக, கதவு எண் வரிசையில், தபால் பிரிக்கிற முறையிலேயே எழுதிவருகிறேன். கட்டடம் எப்போது எழுந்தது, யார் கட்டியது, முதலில் என்ன கடை, பிறகு என்ன கடை, இப்போது யார். கடைக்காரர்கள் உட்காரவைத்துச் சொல்கிறார்கள். அண்ணனுக்கு அப்பா சொன்னது கொஞ்சம், சாம்பிராணி பாய்க்கு அவர் மாமு சொன்னது கொஞ்சம். வாடகைக்காரர் பக்கம் ஓரளவு நிரம்பிவிட்டது. சொந்தக்காரர் பக்கம்தான் பல கதவுகளுக்குக் காலியாக இருக்கிறது.

அடுத்து நோன்புப் பெருநாளுக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது ரயிலடித் தேநீர்க் கடையில் கேளுங்கள், என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். நோட்டோடு வருகிறேன். வர முடியாதவர்கள் ஒரு கடுதாசி போடுங்கள்; முகவரியில் பாபநாசம், ஓய்வுபெற்ற தபால்காரர் என்றாலே போதும், பையன்கள் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த வருடம் கப்பலேறினார், கடை கட்ட முதல் பணம் எந்த ஊரிலிருந்து வந்தது, முதல் வாடகைக்காரர் யார், இவ்வளவு போதும். அந்த மரக்கடைக்காரரிடம் மீதிப் பத்துப் பலகையும் இன்னும் இருக்கிறதா என்று நாளைக்குப் போய்க் கேட்கப்போகிறேன். யாராவது ஒருவர் தன் கடைக்குப் பலகைக் கதவு போட இசைந்தால், எண் வரிசை எனக்கு மனப்பாடம், நானே வந்து செருகிக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தபால்காரன்,
பாபநாசம்